எழுதியவர் யார், இந்த விதியை?

விதி என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று, தலையிலே எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லப்படுவது. எழுதியவனை யாரும் கண்டதில்லை. எழுத்தை யாரும் படித்ததுமில்லை. மற்றொன்று, தாளிலே எழுதப்படுவது. சாலைக்கு விதி, சங்கத்துக்கு விதி, சட்டமன்றத்துக்கு விதி. முன்னதை எதிர்த்துத்தான் நமது அறிவியக்கம் ஊர் ஊராகச் சென்று பேசிற்று. 'ஏழை ஏழையாக இருப்பது அவன் விதி, தாழ்த்தப்பட்டவன் தாழ்ந்து கிடப்பது அவன் விதி' என்று ஓதியவர்களை நோக்கி, 'எழுதியவன் யார்? எவருடைய நலனுக்காக எழுதினான்?' என்று கேட்டது. கேள்வி பிறந்ததும் அந்த விதி ஆட்டங்கண்டது.

ஆனால், தோழர்களே, இன்று ஒரு விந்தையைக் காண்கிறோம். முதல் விதியின் உடையை உடுத்துக்கொண்டு இரண்டாவது விதி உலா வருகிறது! நிறுவனத்தார் தாளில் எழுதியதை, ஆண்டவன் தலையில் எழுதியதுபோல மக்கள் தலைகுனிந்து ஏற்றுக்கொள்கிறார்கள். இதற்கோர் எடுத்துக்காட்டு, ரத்தான இசை நிகழ்ச்சியும் திரும்பாத கட்டணமும்.

'நாட்டிலே எத்தனையோ துன்பம் இருக்க, பாட்டுக் கேட்கப் போனவரின் பணத்தைப்பற்றியா பேச்சு?' என்று கேட்போர் இருப்பர். பாட்டுக் கேட்கப் போனவர் யார் என்று பார்த்துவிட்டுப் பிறகு கேட்கட்டும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலே நாளெல்லாம் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருக்கும் நங்கை. கடையிலே கால்கடுக்க நின்று துணி விரிக்கும் இளைஞன். ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை ஒரு நல்ல நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்ல எண்ணும் எழுத்தர். இவர்கள் ஒரு மாலைப் பொழுது மகிழ்ந்திருக்க, மாதக்கணக்கில் சேர்த்த பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கலை மாளிகைவாசிகளுக்கு மட்டும் உரியதன்று, மண்குடிசைக்கும் உரியது என்று முழங்கிய இயக்கம், அந்த மண்குடிசையின் காசு எங்கே போயிற்று என்று கேட்கக் கடமைப்பட்டது.

நிகழ்ச்சி நாள் நெருங்குகிறது. மழை பொழிகிறது, அல்லது பாடகருக்குக் காய்ச்சல், அல்லது காவல்துறையின் இசைவு கிட்டவில்லை. நிகழ்ச்சி இல்லை என்று அறிவிப்பு வருகிறது. சீட்டின் விலை திரும்பி வருகிறது. உடனேயோ, பல வாரம் கழித்தோ. ஆனால் விலைக்கு மேலே 'வசதிக் கட்டணம்' என்று பெயரிட்டு வாங்கினார்களே, அது பல நேரங்களில் திரும்புவதில்லை. கேட்டால் உரையாடல் இப்படித்தான் நடக்கும்:

"நிகழ்ச்சி நடக்கவில்லையே, ஐயா?"

"ஆம், நடக்கவில்லை. வருந்துகிறோம்."

"அப்படியானால் என் பணம் முழுவதும் திரும்ப வேண்டுமல்லவா?"

"விலை திரும்பும். வசதிக் கட்டணம் திரும்பாது."

"எவருடைய வசதிக்கு அந்தக் கட்டணம்?"

"தங்கள் வசதிக்குத்தான்!"

"எனக்கு என்ன வசதி கிடைத்தது?"

"விதிமுறையைப் பாருங்கள். தாங்கள் ஒப்புக்கொண்டதுதானே?"

முடிந்தது வழக்கு! கேட்டவர் பெருமூச்சு விடுகிறார். 'நம் விதி' என்கிறார். இரண்டு விதியும் ஒன்றாகிவிடும் இடம் இதுதான்.

எவர்மீதும் குற்றமில்லாத ஓர் இடையூறு நேர்ந்தால், இழப்பை எவர் சுமப்பது? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியை வைத்து, இங்கிலாந்து நாட்டு நீதிமன்றங்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, எண்பது ஆண்டுகள் போராடியிருக்கின்றன. அந்த வரலாறு ஓர் இசை அரங்கிலேதான் தொடங்குகிறது.

லண்டனில் சர்ரே தோட்டம் என்ற இடத்தில் ஓர் இசை மண்டபம் இருந்தது. 1861ஆம் ஆண்டு கோடையில் நான்கு நாட்களுக்கு இசைவிழா நடத்த, நாளொன்றுக்கு 100 பவுன் வாடகை பேசி, ஒருவர் அதை அமர்த்தினார். முதல் நிகழ்ச்சி ஜூன் 17. ஆனால் ஜூன் 11 அன்று மண்டபம் தீக்கிரையாயிற்று. விளம்பரத்துக்கும் ஏற்பாட்டுக்கும் செலவிட்டவர், 'மண்டபம் தருவதாகச் சொன்னாயே, தரவில்லையே' என்று வழக்காடினார். 1863இல் தீர்ப்பு வந்தது: மண்டபம் இருக்கும் என்ற நம்பிக்கைமீது எழுந்தது அந்த ஒப்பந்தம்; எவர் குற்றமுமின்றி மண்டபம் அழிந்தபோது ஒப்பந்தமும் உயிரிழந்தது; இருவருமே விடுதலை பெற்றார்கள். எட்டாண்டு கழித்து, நோயுற்றதால் வாசிக்க வராத ஒரு புகழ்பெற்ற பியானோக் கலைஞரின் வழக்கிலும் இதே வழி கடைப்பிடிக்கப்பட்டது. நோயாளியைத் தண்டிக்காதது நல்ல நீதி. அதிலே நமக்கு மாறுபாடில்லை. காய்ச்சலில் கிடக்கும் பாடகரை வசைபாடும் ரசிகர்கள் இதைக் கருதிப் பார்ப்பது நன்று.

ஆனால் வழக்கு அத்துடன் தீர்ந்ததா? ஒப்பந்தம் உயிரிழந்தது, சரி. அதற்குமுன் கைமாறிய பணம்? அது எவர் பெட்டியில் தங்குவது? அந்தக் கேள்வியை ஒரு முடிசூட்டு விழா கிளப்பிற்று.

1902 ஜூன் 26ஆம் நாள், ஏழாம் எட்வர்டு அரசருக்கு முடிசூட்டு விழா. அரச ஊர்வலம் வரும் பால்மால் தெருவிலே, பலகணியோரத்து அறைகளுக்கெல்லாம் பெருவாடகை. ஜூன் 24 அன்று அரசருக்குக் குடல்வால் அழற்சி, அறுவை மருத்துவம், விழா ஒத்திவைப்பு! முடியும் தடியும் ஏந்தப் போகும் மன்னர்க்கும் குடல் நம்முடையது போலத்தான் என்பதை இயற்கை எடுத்துரைத்தது. அறைகளை அமர்த்தியவர்கள் நீதிமன்றம் சென்றார்கள்.

ஒருவர் 75 பவுன் பேசி, 25 பவுன் முன்பணம் கொடுத்திருந்தார். மீதி 50 பவுன், விழா கைவிடப்பட்டபின்தான் கொடுக்கவேண்டியதாக இருந்தது. 1903இல் நீதிமன்றம், 'ஊர்வலத்தைக் காண்பதே ஒப்பந்தத்தின் அடிப்படை. ஊர்வலம் இல்லையென்றால் மீதிப் பணமும் இல்லை' என்றது. மற்றொருவர் 141 பவுன் 15 ஷில்லிங் பேசி, 100 பவுன் கொடுத்திருந்தார். மீதியையும் ஊர்வல நாளுக்கு முன்பே, உடனுக்குடன் கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்பது அவருடைய ஒப்பந்தம். 1904இல் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு என்ன? கொடுத்த 100 திரும்பாது; கொடுக்காத 41 பவுன் 15 ஷில்லிங்கையும் கொடுத்தாக வேண்டும்!

அதே அரசர், அதே நோய், அதே தெரு. ஒருவர் தப்பினார், மற்றவர் மாட்டினார். நீதியின் பெயரால் சொல்லப்பட்ட காரணம், 'இழப்பு விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்' என்பது.

இந்த வாசகத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். இழப்பு என்ன, தென்னையிலிருந்து தேங்காய் விழுவதுபோல எங்கோ தானாக விழுகிறதா? முன்கூட்டியே பணம் முழுவதையும் கறந்துகொண்டவர் பக்கம் இழப்பு விழவே விழாது. நம்பிப் பணம் கொடுத்தவர் தலையில்தான் அது எப்போதும் விழும். விழும் இடத்தை முன்னரே அமைத்துவிட்டு, விழுந்தபின் 'விழுந்த இடத்தில் கிடக்கட்டும்' என்பது நடுநிலைமை ஆகுமா? பள்ளம் வெட்டியவன், தண்ணீர் பள்ளத்தை நாடுவது இயற்கை என்று பாடம் நடத்துவது போன்றதன்றோ அது!

அந்தத் தீர்ப்பை இங்கிலாந்தின் மேலவை நீதிபதிகள் 1942இல்தான் வீழ்த்தினார்கள். போலந்து நாட்டு நிறுவனமொன்று இயந்திரத்துக்காக 1,000 பவுன் முன்பணம் கொடுத்திருந்தது, போர் மூண்டது, இயந்திரம் போகவில்லை, முன்பணம் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே, 1943இல், அதற்கெனச் சட்டமும் செய்தார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பணம் பெற்றவர் ஏற்கெனவே செலவிட்டிருந்தால், அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் அது நியாயமா, எவ்வளவு நியாயம் என்று முடிவு செய்வது நீதிமன்றம். பெட்டியின் சாவியை வைத்திருப்பவரே கழிவுத்தொகையையும் முடிவு செய்யலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

இங்கே நம் நாட்டுக் கதை நம்மை வியக்க வைக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டிலே பிறந்தது. செய்ய இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதன் 56ஆம் பிரிவு. செல்லாமற்போன ஒப்பந்தத்தால் ஒருவர் ஆதாயம் பெற்றிருந்தால், அதைத் திருப்பித் தரவேண்டும், அல்லது ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. ஆட்சிசெய்ய வந்தவர்கள் இந்நாட்டுக்கு எழுதிய சட்டத்திலே இருந்த நீதி, அவர்களுடைய சொந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏற 71 ஆண்டுகள் பிடித்தன! நமக்கோ அந்த நீதி ஒன்றரை நூற்றாண்டாகக் கையிலே இருக்கிறது. கையிலிருந்தும் பையிலே காசு இல்லை. ஏன்?

காரணம், ஒன்றை இரண்டாக்கும் வித்தை. 'நிகழ்ச்சி நடத்துவது ஓர் ஒப்பந்தம். அதற்குரியது சீட்டின் விலை. சீட்டை விற்றுக் கொடுப்பது வேறோர் ஒப்பந்தம். அதற்குரியது வசதிக் கட்டணம். முதல் ஒப்பந்தம் செத்தது. இரண்டாவது ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது' என்கிறார்கள் முகவர்கள்.

அவர்கள் வாதத்தை எள்ளி நகையாடி ஒதுக்கவேண்டாம். அதன் முழு வலிமையோடு கேட்போம். 'மழை பொழிந்தது எங்கள் குற்றமா? கணினிக்குச் செலவு, பணியாளருக்குச் சம்பளம், வங்கிக்குப் பங்கு. எங்கள் வேலையை நாங்கள் செய்துவிட்டோம். தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தில் துயரச் செய்தி இருந்தால், தபால்தலைக் காசையா திருப்பிக் கேட்பீர்?' என்கிறார்கள். நல்ல வாதம். விடை சொல்லியாக வேண்டிய வாதம்.

விடை இதுதான். தபால்தலையின் விலை, உள்ளே இருப்பது ஆயிரம் ரூபாய்ச் செய்தியா, அரைக்காசுச் செய்தியா என்று பார்ப்பதில்லை. இங்கேயோ, பல இடங்களில், சீட்டின் விலை ஏற ஏற வசதிக் கட்டணமும் ஏறுகிறது. 500 ரூபாய்ச் சீட்டுக்கும் 5,000 ரூபாய்ச் சீட்டுக்கும் கணினி ஒரே அளவுதானே உழைக்கிறது? உழைப்புக்குக் கூலி என்றால் கூலி ஏன் ஏறவேண்டும்? ஏறுகிறதென்றால், நிகழ்ச்சியின் ஆதாயத்திலே முகவருக்கும் பங்கு என்று பொருள். ஆதாயத்தில் பங்காளி, இழப்பில் அயலாரா?

மேலும், தபால்காரரை அனுப்பியவர் கடிதம் எழுதியவர். முகவரை அமர்த்தியவர் யார்? ரசிகரா? அவருக்கு வேறு கடையும் இல்லை, வேறு கதவும் இல்லை. அந்தக் கதவின் வழியாகத்தான் வரவேண்டும் என்று முடிவு செய்தவர் நிகழ்ச்சி அமைப்பாளர். நாளைக் குறித்தவர் அவர். திறந்தவெளியைத் தேர்ந்தவர் அவர். மழைக்காலம் எது என்று அறிந்தவர் அவர். நிகழ்ச்சி ரத்தானால் ஈடு தரும் காப்பீடு வாங்க வல்லவரும் அவரே. இருநூறு ரூபாய்க் கட்டணத்துக்காக ஒரு தையற்காரி காப்பீட்டு அலுவலகத்தின் படியேற முடியுமா? முகவரின் உழைப்புக்குக் கூலி வேண்டுமென்றால், அமர்த்தியவரிடம் கேட்டு வாங்கட்டும். ரசிகருக்கு முழுப்பணமும் போய்ச் சேரட்டும். அதன்பிறகு அமைப்பாளரும் முகவரும் அமர்ந்து தமக்குள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். முன்னறியும் ஆற்றலும் தாங்கும் ஆற்றலும் எவரிடம் உண்டோ, அவர் தோளிலே சுமையை ஏற்றுவதுதான் அறம். வலுத்தவன் வெறுங்கையோடு நடக்க, இளைத்தவன் முதுகிலே மூட்டை ஏற்றும் வழக்கத்தை இந்நாடு நெடுங்காலம் கண்டது போதும்.

'சிறு தொகைதானே' என்பது அடுத்த சமாதானம். ஒரு கணக்குக்காக, ஒருவருக்கு 200 ரூபாய் என்றும், சீட்டு வாங்கியோர் இருபதாயிரவர் என்றும் வைத்துக்கொள்வோம். 40 லட்சம் ரூபாய்! நடவாத நிகழ்ச்சிக்கு, பாடப்படாத பாட்டுக்கு, 40 லட்சம். இழந்தவருக்கு அது வழக்குத் தொடுக்கத் தகாத சிறுதொகை. பெற்றவருக்கோ விட்டுக்கொடுக்க மனம் வராத பெருந்தொகை. சிறியவர்களைத் தனித்தனியே நிறுத்திவைத்தால் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய சூத்திரம், புதிய சந்தையில் இப்படி வேலை செய்கிறது.

சேர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் காட்டியிருக்கிறது. 2020இல் பெருந்தொற்று வந்து அரங்குகளெல்லாம் மூடப்பட்டன. அமெரிக்காவில் சீட்டு மறுவிற்பனை செய்யும் ஸ்டப்ஹப் நிறுவனம், ரத்தான நிகழ்ச்சிகளுக்குப் பணம் திருப்பித் தருவதாக அதுவரை சொல்லி வந்தது. தொற்றின் தொடக்கத்திலே அதை மாற்றி, பணத்துக்கு மாறாக 120 விழுக்காடு மதிப்புள்ள வரவுச்சீட்டு என்றது. நூறுக்கு நூற்றிருபது! தாராளம்போலத் தோன்றும். வேலையிழந்து வீட்டில் இருப்பவர், வாடகைக்கு வரவுச்சீட்டையா நீட்டுவார்? மக்கள் முறையிட்டார்கள், பல மாநிலங்களின் அரசு வழக்குத்தலைவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், 2021 செப்டம்பரில் நிறுவனம் பணமாகவே திருப்பித்தர உடன்பட்டது. 2025 மே மாதம் முதல், நிகழ்ச்சிச் சீட்டின் விலையைச் சொல்லும்போதே கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்து மொத்தமாகச் சொல்லவேண்டும் என்ற விதியும் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விதியை விதியால் வென்றார்கள். தாளில் எழுதியதைத் தாளிலேயே திருத்தலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சென்னையிலும் ஒரு சான்று உண்டு. ஏ. ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி, 2023 ஆகஸ்ட் 12 அன்று நடைபெறவிருந்து, மழையால் தள்ளிவைக்கப்பட்டது. அது எவர் குற்றமும் அன்று. செப்டம்பர் 10 அன்று பனையூரில் நடந்தபோதோ, சீட்டு வைத்திருந்தவர்களிலே பலர் உள்ளே நுழையவும் முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு பெரிது. அது மழையின் வேலை அன்று. மனிதரின் ஏற்பாட்டுக் குறை. ஒரே நிகழ்ச்சி, இரண்டு வகை இழப்பையும் நமக்குப் பிரித்துக் காட்டிவிட்டது. குற்றமில்லாத இடத்தில் நாம் கேட்பது, கொடுத்த பணம் முழுவதும். அதற்குமேல் ஒரு காசும் இல்லை. ரயில் செலவும், எடுத்த விடுப்பும், ஏமாந்த நெஞ்சமும் நம் கணக்கில் இருக்கட்டும்; மழையோடு எவரும் வழக்காட முடியாது. குற்றம் உள்ள இடத்திலோ, அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் ஈடு கேட்பது உரிமை. பனையூரில் அல்லலுற்றவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. ஊரறியக் கேட்டார்கள். அமைப்பாளர்கள் பொறுப்பேற்று மன்னிப்புக் கோரினார்கள். இசையமைப்பாளரே சீட்டின் படிகளை அனுப்பச் சொல்லிக் குறைதீர்க்க முன்வந்தார்.

ஆனால் அதே நாளில், 'எங்கள் இசை மன்னரைக் குறைசொல்வதா?' என்று, நட்டப்பட்டவர்கள்மீதே பாய்ந்த ரசிகர்களும் இருந்தார்கள். இதுதான் நம்மை உண்மையாகவே கவலைக்குள்ளாக்குவது. கலைஞரை விரும்புவது அழகு, வழிபடுவது அடிமைத்தனம். உண்டியலில் இட்ட காசைப் பக்தன் திரும்பக் கேட்கமாட்டான். கேட்பது பாவம் என்று அவனுக்குக் கற்பித்திருக்கிறார்கள். கோயிலிலே அந்தப் பாடத்தை எதிர்த்தவர்கள், கொட்டகையிலே அதை மறுபடியும் படிக்கலாமா? நுழைவுச் சீட்டு காணிக்கை அன்று. அது விலைகொடுத்து வாங்கிய உறுதிமொழி. உறுதிமொழி நிறைவேறாதபோது விலை திரும்ப வேண்டும் என்று கேட்பது, கலைக்குச் செய்யும் அவமதிப்பும் அன்று. கேட்கத் தெரிந்த ரசிகர்கள் உள்ள நாட்டில்தான் கலைஞருக்கும் காவல் உண்டு. இல்லையேல் வணிகர் செய்யும் பிழைக்கெல்லாம் கலைஞர் முகமே கவசமாகப் பயன்படும்.

இனி, செய்யத்தக்கது என்ன? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒரு கருத்தைப் புதிதாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒருதலையாக எழுதப்பட்ட விதிமுறை செல்லாது என்று அறிவிக்க இன்று வழியிருக்கிறது. குறை என்ன? அப்படி அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் தரப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்குத் தரப்படவில்லை. இருநூறு ரூபாயை இழந்தவர், இருநூறு கல் தொலைவிலுள்ள தலைநகருக்கா போவார்? மாவட்டத்துக்கும் அந்த அதிகாரம் வரவேண்டும். நிகழ்ச்சி ரத்தானால் கட்டணம் உட்பட முழுத்தொகையும், கேளாமலே, குறித்த நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று விதி செய்யவேண்டும். காலவரையறையற்ற 'ஒத்திவைப்பு' என்று சொல்லிப் பணத்தை வைத்துக்கொள்ளும் வழியையும் அடைக்கவேண்டும். புது நாள் ஒத்துவராதவருக்கு, பழைய நாளின் பணம் திரும்பட்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. 1872இல் எழுதப்பட்ட ஒரு பிரிவின் உயிரை, இன்றைய கைப்பேசித் திரைக்குக் கொண்டுவரும் வேலைதான்.

ஆனால் அரசு எழுதுமுன், நாம் கேட்கப் பழகவேண்டும். அடுத்தமுறை அந்தத் திரையில் 'விதிமுறைகளை ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டம் வரும்போது, விரல் அதன்மேல் படுமுன் ஒரு நொடி நிற்கட்டும். ஒப்புக்கொள்ளாமல் சீட்டு வாங்க வழியில்லை என்றால், அந்த ஒப்புதலுக்குப் பொருள் என்ன என்று நெஞ்சம் வினவட்டும். பணம் திரும்பாதபோது 'என் விதி' என்று பெருமூச்சு விடாமல், பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு, உரத்த குரலில் கேட்கட்டும்:

எழுதியவர் யார், இந்த விதியை?